துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிய மருமகனுக்கு

செமினி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதும் கடிதம். புரோகா மலையடிவாரத்து டுரியான் தோட்டத்துக்காகக் கேட்டிருந்த துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாள். குரலில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் இளங்கன்றுகளை வேரோடு பெயர்த்துப் போட்டுவிட்டுப் போகிற ஊரில், செனாப்பாங் துப்பாக்கி எதற்கு என்று எந்த விவசாயியையும் கேட்க முடியாது. அவளும் அதைக் கேட்கவில்லை. அவளுடைய பயமெல்லாம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கிடக்கிற சாலையைப் பற்றியது. ராத்திரி நேரம், காஜாங் பக்கம் ஒரு ரோட் பிளாக், காருக்குள் ஒரு தமிழ்ப் பையன், பின்னால் துப்பாக்கி. போலீஸ்காரர் சன்னலோரம் வந்து நிற்கிற அந்த இரண்டு நிமிடம் எப்படிப் போகும்?

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு சம்பவத்தை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்தை ஒட்டி பால்கன் ஹைட்ஸ் என்று ஓர் ஊர். 2016 ஜூலை 6ஆம் தேதி இரவு ஒன்பது மணி வாக்கில் அங்கே ஒரு வெள்ளைக் காரைப் போலீஸ் நிறுத்தியது. ஓட்டியவர் பிலாண்டோ கஸ்டீல், வயது 32, கறுப்பினத்தவர். ஒரு மாண்டசோரிப் பள்ளிக்கூடத்தின் உணவகத்தில் மேற்பார்வையாளர். பக்கத்தில் அவருடைய துணைவி, பின் இருக்கையில் அந்தப் பெண்ணின் நான்கு வயது மகள். பிரேக் விளக்கு எரியவில்லை என்பது வெளியே சொன்ன காரணம். சில நாளுக்கு முன் நடந்த ஒரு கொள்ளையில் சம்பந்தப்பட்டவனின் மூக்கு போல இவர் மூக்கும் அகலமாக இருக்கிறது என்று அந்த அதிகாரி ரேடியோவில் சொன்னது பிறகுதான் வெளியே வந்தது.

கஸ்டீலிடம் முறையான துப்பாக்கி அனுமதி இருந்தது. துப்பாக்கி அவர் கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அதிகாரி ஓட்டுநர் உரிமமும் காப்புறுதித் தாளும் கேட்டார். கஸ்டீல் காப்புறுதித் தாளை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு, மரியாதையாக, தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னார். அந்த மாநிலச் சட்டப்படி, கேட்டால்தான் சொல்ல வேண்டும். அவரோ கேட்காமலே சொன்னார். அப்படியானால் அதை எடுக்காதே என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்றார் இவர். அடுத்த சில நொடிகளில் அதிகாரி ஏழு முறை சுட்டார். எடுக்கப் போகவில்லை என்று முனகிக்கொண்டே அந்த மனிதர் சாய்ந்தார். பக்கத்தில் இருந்த பெண் அதன் பின்னர் நடந்ததைத் தன் போனில் நேரலையாக உலகத்துக்குக் காட்டினார். சுட்ட அதிகாரி ஹெரோனிமோ யானெஸ் மீது வழக்கு நடந்தது. 2017 ஜூன் 16 அன்று நடுவர் குழு அவரை விடுவித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்து யானெஸை வேலைக்கு வைத்திருந்த நகராட்சி விவகாரத்தை முடித்துக்கொண்டது.

கஸ்டீல் தவறு செய்தார் என்று எழுத மாமாவுக்குக் கை வரவில்லை. 13 ஆண்டுகளில் 40க்கும் மேற்பட்ட தடவை சாலையில் நிறுத்தப்பட்ட மனிதர் அவர். போலீஸோடு எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னார், மரியாதையாகச் சொன்னார், செத்தார். தவறு சுட்டவருடையது. ஆனாலும் மருமகனே, அந்தச் சில நொடிகளின் வரிசையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முதலில் தாள் கேட்கிறார்கள். தாள் பர்ஸில் இருக்கிறது, பர்ஸ் இடுப்பருகே இருக்கிறது. பாதித் தாள் கொடுத்தாகிவிட்டது, மீதியும் கொடுக்க வேண்டும். நடுவில் துப்பாக்கி என்ற வார்த்தை விழுகிறது. ஓர் உத்தரவு எடு என்கிறது, இன்னோர் உத்தரவு எடுக்காதே என்கிறது. கையோ ஏற்கனவே இடுப்புப் பக்கம் போய்விட்டது. எதிரே நிற்பவர் பயந்தவராக இருந்தால், அவர் கண்ணுக்கு அந்தக் கை மட்டும்தான் தெரியும்.

மாமா சொல்ல வருவது முழுக்க இதற்குள்ளேதான் இருக்கிறது. தாள்கள் முன்கூட்டியே வெளியே இருக்க வேண்டும். கைகள் தெரிகிற இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். பேச்சு முதலில், அசைவு அவர்கள் சரி என்று சொன்ன பிறகு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் இன்று 29 மாநிலங்களில் அனுமதித் தாள் ஏதும் இல்லாமலே வயது வந்தவர்கள் துப்பாக்கியோடு வெளியே போகலாம். அங்கே ஒரு காரில் துப்பாக்கி இருப்பது அன்றாடச் செய்தி. மலேசியாவில் அப்படி இல்லை. பொதுமக்களில் ஒருவரின் காரில் துப்பாக்கியைப் பார்க்கும் போலீஸ்காரருக்கு முதலில் தோன்றுவது குற்றம்தான். லைசென்ஸ் இருக்கலாம் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றும். அப்படித் தோன்றுவதற்கு நம் சட்டமே காரணம்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமோ அனுமதியோ இல்லாமல் துப்பாக்கியும் தோட்டாவும் ஒருவர் வசம் இருக்கவே கூடாது. மீறினால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேலே 1971ஆம் ஆண்டுத் தண்டனை அதிகரிப்புச் சட்டம் இருக்கிறது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் அதில் உண்டு. கொள்ளை போன்ற குற்றத்தின்போது ஆளைக் கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டால், குண்டு யார் மீதும் படாவிட்டாலும், கட்டாயத் தூக்கு என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 2023 ஜூலை 4 முதல் தூக்கு கட்டாயமில்லை என்று மாற்றியிருக்கிறார்கள். ஆனால் தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு வரை சிறை. இப்படிப்பட்ட சட்டத்தைப் பாடமாகப் படித்துவிட்டு வந்தவர்தான் ரோட் பிளாக்கில் நிற்கும் இளம் கான்ஸ்டபிள். அவர் கை தன் இடுப்புக்குப் போனால் ஆச்சரியப்படக் கூடாது.

இந்தக் கடுமைக்கு ஒரு பழைய கதை உண்டு. அந்தக் கதையில் நம் ஆள் ஒருவர் இருக்கிறார். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வெள்ளைக்காரர்கள் அவசரகாலத்தை அறிவித்தார்கள். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று விதி வந்தது. அப்போது மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்து, அது தடை செய்யப்பட்டபின் தலைமறைவாகியிருந்தவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர். 1949 மார்ச் 1 அன்று, ரவாங் பக்கத்து வாட்டர்பால் தோட்டத்தருகே, ஒரு ரிவால்வரோடும் தோட்டாக்களோடும் பிடிபட்டார். அந்த ஆயுதத்தைத் தான் கண்டெடுத்ததாகவும், போலீஸில் ஒப்படைக்கக் கொண்டுபோய்க்கொண்டிருந்ததாகவும் நீதிமன்றத்தில் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசு தலையிட்டுக் கேட்டும் பயனில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடிபட்ட நாளிலிருந்து தூக்குமேடை வரை இரண்டு மாதம் மூன்று நாள்.

கணபதியின் வழக்கு அரசியல் வழக்கு. அவரைக் கொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதே மாமாவின் முடிவு. ஆனால் துப்பாக்கியோடு பிடிபட்ட பிறகு சொல்லப்படும் விளக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பதை அந்த வழக்கு காட்டுகிறது. உண்மையாகவே இருந்தாலும், அவர்கள் கண்டுபிடித்த பிறகு சொன்னால் அது சாக்கு. அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் சொன்னால் அது தகவல்.

மாமா தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்த காலத்தில், துப்பாக்கி அலமாரியின் சாவிக்கும் லைசென்ஸ் புதுப்பிப்புக்கும் மாமாதான் பொறுப்பு. அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். தோட்டத்து ஆட்கள் மாட்டிக்கொள்வது சுட்டதால் இல்லை, தூக்கிக்கொண்டு அலைந்ததால். லைசென்ஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. உன் தம்பி அந்தத் துப்பாக்கியைத் தொடக் கூடாது. உனக்கு உடம்பு முடியவில்லை, தம்பி கொண்டுபோய் வைத்துவிட்டு வரட்டும் என்ற பேச்சே கூடாது. மற்றவர் எடுத்துப் போகவும் பயன்படுத்தவும் தனி அனுமதி வாங்க வேண்டும். பாதுகாவலர் வேலை செய்கிறவர்கள் கம்பெனித் துப்பாக்கியைத் தூக்குவதுகூட அப்படி ஓர் அனுமதியின் பேரில்தான். லைசென்ஸ்காரர் இறந்துபோனால் துப்பாக்கி வாரிசுக்கு வீடு மாதிரி தானாக வந்து சேராது. போலீஸிடம் போய்ச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

இன்னொன்று: துப்பாக்கி லைசென்ஸ் என்பது வேட்டை லைசென்ஸ் இல்லை. காட்டு விலங்குகளுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைப் பார்க்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் இருக்கிறது. பன்றியைச் சுடுவதானாலும் அங்கே கேட்டுக்கொண்டு சுட வேண்டும். தோட்ட வேலைக்கு வாங்கிய துப்பாக்கி, கூட்டாளிகளோடு உலு லங்காட் காட்டுக்குள் சுற்றுவதற்கு இல்லை. அந்தக் காரில் கூட வருகிறவர்களையும் யோசித்துப் பார். துப்பாக்கி சட்டவிரோதமாக இருந்தால் கூட இருந்தவர்களைப் பிடிக்கவும் 1971 சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது.

சரி, போக வேண்டிய நாளில் எப்படிப் போவது? பகலில் போகலாம். நேராகப் போய் நேராக வரலாம். வழியில் மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கக் காரை நிறுத்திவிட்டுத் துப்பாக்கியைப் பின்னால் விட்டுவிட்டுப் போவது பெரும் பிழை. கார் திருடு போனால் துப்பாக்கியும் போகும். அதற்கு யார் பதில் சொல்வது? செனாப்பாங் உறைக்குள், குழல் மடக்கிய நிலையில், தோட்டா இல்லாமல், பின் போனெட்டில் இருக்க வேண்டும். தோட்டாக்கள் வேறு பெட்டியில், பூட்டி. மோட்டார் சைக்கிளில் தோளில் மாட்டிக்கொண்டு போகிற பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு. இன்றைய செமினி அந்தக் காலத்துச் செமினி இல்லை. தோட்டங்களெல்லாம் தாமான்களாகிவிட்டன, நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்து மாணவர்கள் சாலை முழுக்க இருக்கிறார்கள். தோளில் துப்பாக்கியோடு ஒருவன் போவதைப் பார்த்து யாராவது 999க்குப் போன் போட்டால், வருகிற போலீஸ்காரர் விவசாயியைத் தேடிக்கொண்டு வர மாட்டார்.

லைசென்ஸ், மைகாட், ஓட்டுநர் உரிமம் மூன்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில், டேஷ்போர்டின் மேலே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். பர்ஸில் வேண்டாம், கையுறைப் பெட்டியிலும் வேண்டாம். ரோட் பிளாக் விளக்குத் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, முன் விளக்கைத் தாழ்த்தி, உள் விளக்கைப் போட்டு, சன்னல்களை இறக்கிவிட வேண்டும். நிற்கச் சொன்னால் நின்று என்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டீரிங்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டைக் கழற்றக் கூட அவசரப்பட வேண்டாம்; கை இடுப்புக்குப் போகிற எந்த வேலையும் அப்போது வேண்டாம். போனைக் கையில் வைத்திருக்கவே கூடாது. 2018 மார்ச்சில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் ஸ்டெஃபான் கிளார்க் என்ற 22 வயது இளைஞனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. துப்பாக்கி என்று அவர்கள் நினைத்தது அவன் கையில் இருந்த போனை.

பிறகு வாய். மலாயில், மெதுவாக, இந்த வரிசையில்: "செலாமாட் மாலாம், துவான். சாயா அட லெசென் செனாப்பாங். செனாப்பாங் டி போனெட் பெலாக்காங், கோசோங், தாக் அட பெலுரு. லெசென் டி அத்தாஸ் டேஷ்போர்ட். போலே சாயா அம்பில், துவான்?" முதலில் லைசென்ஸ் என்ற சொல் வருகிறது பார், அதற்குப் பின்னால்தான் செனாப்பாங். கேட்கிறவர் காதில் எது முதலில் விழுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கேட்பார். எடுத்த எடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்று ஆரம்பித்தால் அடுத்து நீ சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. எடு என்று அவர் சொன்ன பிறகு, ஒரு கையால் மட்டும், மெதுவாக எடுத்துக் கொடு. போனெட்டைத் திறக்கச் சொன்னால் பூட்டை விடுவித்துவிட்டுத் தள்ளி நில். துப்பாக்கியை எடுத்துக் காட்டுகிறேன் என்று நீ ஒருபோதும் கை வைக்காதே. அவர்களே எடுக்கட்டும். கூட அம்மாவோ தங்கையோ இருந்தால், பேசுவது நீ ஒருவன்தான், மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள் என்று புறப்படும் முன்னமே பேசிவைத்துக்கொள்.

கேட்காமலே சொல்ல வேண்டுமா என்று நீ கேட்கலாம். சம்மன் தாளை வாங்கிக்கொண்டு போ என்கிற அளவில் முடிகிற பேச்சில், நாமாகத் துப்பாக்கியை இழுத்துவிடுவானேன் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவிலேயே இதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில், போலீஸ் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்று 19ஆவது பிரிவு சொல்கிறது. இங்கே 1967 போலீஸ் சட்டத்தின் 24ஆவது பிரிவு லைசென்ஸ் தேவைப்படும் பொருளோடு இருக்கும் ஆளை நிறுத்தி அந்த லைசென்ஸைக் காட்டச் சொல்லும் அதிகாரத்தையும், குற்றத்துக்குப் பயன்படுவதாக நியாயமாகச் சந்தேகிக்கும் வண்டியை வாரண்டு இல்லாமல் சோதனை போடும் அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறது. எப்படியும் போனெட் திறக்கப்படலாம். திறந்த பிறகு கத்துவதைவிடத் திறக்கும் முன் சொல்வது நல்லது. மாமாவின் அபிப்பிராயம் அதுதான். இந்த நாட்டில் வேறு யோசனை சொல்ல மாமாவால் முடியாது.

எந்த நிலையிலும் ரோட் பிளாக்கைப் பார்த்துத் திரும்பி ஓடக் கூடாது. லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதே என்று பயந்தாலும் கூடாது. தடுப்புகளைத் தாண்டிப் போகும் வண்டியைத் தடுக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம் என்று அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு சொல்கிறது. நியாயமானது எது என்பதை ராத்திரி இரண்டு மணிக்கு முடிவு செய்கிறவர் துப்பாக்கி வைத்திருக்கிற போலீஸ்காரர். 2010 ஏப்ரல் 26 அதிகாலையில் ஷா ஆலாம் செக்‌ஷன் 11இல் நடந்தது நாடே அறிந்தது. அமினுல்ரஷித் அம்சா என்ற பள்ளிக்கூடப் பையன், லைசென்ஸ் வாங்கும் வயதுகூட ஆகாதவன், அக்காள் காரை எடுத்துக்கொண்டு போய், விரட்டி வந்த போலீஸிடம் நிற்காமல் ஓடினான். சுட்டார்கள், இறந்தான். சுட்டவருக்குக் கீழ் நீதிமன்றத்தில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தப் பையனிடம் துப்பாக்கி இருக்கவில்லை. உன் காரில் துப்பாக்கி இருக்கும்போது ஓடினால் என்னவாகும் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

இவ்வளவு பணிவாகப் போக வேண்டுமா, நாம் என்ன திருடர்களா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. போலீஸ் காவலில் இறந்தவர்கள் என்று பத்திரிகையில் வருகிற பெயர்களைப் படித்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்த குகன் வழக்கை நம் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் 24 அன்று மலாக்கா டுரியான் துங்காலில் மூன்று இந்திய இளைஞர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பாராங்கோடு தாக்க வந்தார்கள் என்றது போலீஸ், இல்லவே இல்லை என்றன குடும்பங்கள். டிசம்பரில் அந்த வழக்கு கொலை விசாரணையாக மாற்றப்பட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் மாமா இப்படி எழுதுகிறேன். பணிவு என்பது அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்வதாகாது. சாலையோரத்தில், இருட்டில், அவர் கையிலும் உன் காரிலும் துப்பாக்கி இருக்கும்போது, நியாயம் கேட்க அது இடமில்லை. நியாயம் கேட்க வேறு இடங்கள் இருக்கின்றன, அங்கே போக உயிரோடு வீடு திரும்ப வேண்டும்.

அந்த இடங்களையும் தெரிந்து வைத்துக்கொள். சீருடை இல்லாதவர் நிறுத்தினால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு. வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட சிவப்புப் புத்தகத்தில் அட்டையின் நிறங்களைப் போட்டிருக்கிறார்கள்: இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் நீலம், அதற்குக் கீழே மஞ்சள், ரிசர்வ் போலீஸுக்கு வெள்ளை, பணியிடைநீக்கத்தில் இருப்பவருக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரருக்கு உன்னிடம் எதையும் கேட்கும் அதிகாரம் இல்லை. பெண்களைச் சோதனை போடுவதானால் பெண் போலீஸ்தான் போட வேண்டும். கைது என்று சொன்னால் காரணம் கேள்; எந்த நிலையம் என்று கேள்; வீட்டுக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரோடு பேசவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இடம் தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்களுக்காக 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை இயங்குகிறது. துப்பாக்கியைப் பறிமுதல் செய்தால் சண்டை போடாதே. அதன் எண், எடுத்தவரின் பெயர், நிலையம், நேரம் எல்லாவற்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் எழுதி வை. முறைகேடு நடந்திருந்தால் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் நேர்மைப் பிரிவு, 2023 ஜூலையில் வந்த போலீஸ் நடத்தை ஆணையம், மனித உரிமை ஆணையமான சுஹாகாம் என்று புகார் கொடுக்க இடம் உண்டு. அந்த ஆணையத்துக்குப் பல் போதவில்லை என்பதே மாமாவின் கருத்து. 2005இல் அரச விசாரணை ஆணையம் கேட்டது இதைவிட வலுவான ஒன்றை. ஆனாலும் எழுத்தில் கொடுத்த புகார் ஒருநாள் சாட்சியாக நிற்கும்.

காசு கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை யாராவது சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும், காதில் வாங்காதே. சாதாரண சம்மனிலேயே அது குற்றம். கொடுக்க முன்வந்தாலே 20 ஆண்டு வரை சிறைக்கு ஊழல் தடுப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. துப்பாக்கியோடு நிற்பவன் ஐம்பது வெள்ளியை நீட்டினால், முறையான லைசென்ஸும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும். அவர்கள் பக்கமிருந்து கேட்டால், இல்லை துவான், சம்மன் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வா. 1-800-88-6000 என்ற ஊழல் தடுப்பு ஆணைய எண்ணை வைத்துக்கொள்.

உன் காரில் வேறு என்ன கிடக்கிறது என்றும் ஒருதடவை பார். டுரியான் தோட்டத்துக்காரனிடம் பாராங் இல்லாமல் இருக்காது. தோட்டத்துக்குப் போகும்போது கருவிகளோடு போகிற பாராங் வேலைச் சாமான். சனிக்கிழமை ராத்திரி காஜாங் சாத்தே கடை வாசலில் இருக்கைக்கு அடியில் கிடக்கிற அதே பாராங், 1958ஆம் ஆண்டு ஆபத்தான ஆயுதங்கள் சட்டத்தில் கேள்விக்குரிய பொருள். நம் பையன்கள் பலர் அதில்தான் மாட்டுகிறார்கள். உன் தம்பி ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிற அந்த அசல்மாதிரிப் பொம்மைத் துப்பாக்கியையும் வீட்டைவிட்டு வெளியே எடுக்க விடாதே, முடிந்தால் போலீஸ் நிலையத்தில் கேட்டு ஒப்படைத்துவிடு. போலித் துப்பாக்கிக்கும் 1960 ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இருட்டில் பார்க்கிறவருக்கு எது பிளாஸ்டிக், எது இரும்பு என்று தெரியாது.

துப்பாக்கியை எடுக்கக் கடைக்குப் போவதற்கு முன் மூன்று காரியங்கள் முடித்துவிடு. லைசென்ஸில் எழுதியிருக்கிற நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் படித்து, புரியாததைக் காஜாங் போலீஸ் தலைமையகத்தில் லைசென்ஸ் பிரிவிலேயே கேட்டுக்கொள். லைசென்ஸின் நகல் ஒன்றை அம்மாவிடமும் ஒன்றை மாமாவிடமும் கொடு, காலாவதித் தேதியோடு. மேலே எழுதியிருக்கிற மலாய் வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகு. ஸ்டீரிங்கில் கை வைத்துக்கொண்டு, தடுமாறாமல் வரும் வரை சொல்லு. அது வந்த பிறகு துப்பாக்கியைக் கொண்டு வரலாம். அதற்கு முன் வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா